மாடிப்படிச் சுவரில் இரண்டு எழுத்து

இராயபுரம்
9-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் பெர்சிஸும் சுகம். உன் சுகத்தையும் உன் முழங்காலின் சுகத்தையும் தனித்தனியாக எழுது. போன தடவை இரண்டையும் சேர்த்து ‘பரவாயில்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்து ஏமாற்றிவிட்டாய். காது மெஷினைப் போட்டுக்கொள்கிறாயா, இல்லை பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாயா? நீ அதைப் போட்டுக்கொண்டால் நான் ஏன் பேனா பிடிக்கப் போகிறேன், போனிலேயே கத்திவிட்டுப் போவேனே.

சரி, உட்கார்ந்து படி. நம்ம வீடு மியூசியம் ஆகிறது! ஆமாம், அப்பா பீங்கான் வியாபாரம் பண்ணின அதே வீடுதான், நீயும் நானும் பிறந்த வீடுதான். ஒரு டிரஸ்ட் அதை எடுத்திருக்கிறது. அலங்காரக் கலை அருங்காட்சியகம் என்று பேர். பர்மா அரக்குப் பெட்டி, பெல்ஜியம் கண்ணாடி, கலர் விளக்கு, வெற்றிலைச் செல்லம், ஜரிகை வேலை செய்த துணி என்று அழகுக்காகச் செய்த சாமான்களாகக் கொண்டுவந்து குவிக்கிறார்கள். எண்ணூர் கம்பெனியில் ரிட்டையர் ஆகி வீட்டில் பெர்சிஸின் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்ட வேண்டும். வாய் பேசுவதற்குச் சம்பளம் என்றால் எனக்குக் கேட்க வேண்டுமா?

மியூசியத்தைக் கவனிக்கிற பெண் கீர்த்தி, படித்த பிள்ளை. வீட்டின் சரித்திரத்தை ஒரு பலகையில் எழுத வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 1912இல் கப்பல்களுக்குக் கயிறும் நங்கூரமும் விற்ற வரதப்ப நாயுடு கட்டியது. யுத்த காலத்தில் குண்டு விழும் என்று பயந்து அவர்கள் ஊரைவிட்டுப் போனதும் அரிசி குடோன். 58இல் அப்பா வாங்கினார். 84இல் அப்பாவும் அம்மாவும் நாசரேத்துக்கே திரும்பியபோது வண்ணாரப்பேட்டை லுங்கி வியாபாரி அலி அக்பர் பாய் வாங்கினார். அவரிடமிருந்து டிரஸ்ட். சரிதானே?

இனிமேல்தான் அதிசயம். பாயின் லுங்கி மூட்டைகளை இறக்கினார்கள் அல்லவா, மாடிப்படித் திருப்பத்தில் மூட்டைக்குப் பின்னால் ஒரு சுவர்! உடைந்த பீங்கான் தட்டுகளைச் சில்லுச் சில்லாக வெட்டிப் பதித்து, ஆளுயரத்துக்கு ஒரு கப்பல், நீலத் தட்டில் அலை, மஞ்சள் சாசரில் சூரியன். நான் அந்த வீட்டுப் பிள்ளை, எனக்கே தெரியாது. நான் பாளையங்கோட்டை ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அந்த இடத்தில் அப்பாவின் மரப்பெட்டிகள்தான் கூரை வரை நிற்கும். ஓரத்தில் சுண்ணாம்பில் 1980 என்று கீறியிருக்கிறது. கப்பலுக்குக் கீழே சிவப்புச் சில்லில் ‘ஞாபா’ என்று எழுத்து. யார் செய்தது, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கீர்த்தி என்னைத் தினமும் கேட்கிறாள். 80இல் நீ வீட்டில்தானே இருந்தாய்? எழுது.

ஜனவரியில் திறப்பு விழா. நீ வரவேண்டும். கல்யாணமாகிப் போனவள் நாற்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூடப் பட்டணம் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் ரயில் ஏறி வருகிறேன். இந்த ஒரு தடவை நீ வா, அக்கா. எனக்கு வேறு ஆசை இல்லை.

உன் பதிலுக்குத் தபால்காரரை வழிமறிக்கும் தம்பி,
ஆசீர்வாதம்

*

நாசரேத்
24-6-2024

பிரியமுள்ள தம்பி ஆசீருக்கு அக்கா ஞானபாக்கியம் எழுதுவது.

உன் கடிதம் கண்டு சந்தோஷம். கேட்டபடி தனித்தனியாக: நான் சுகம். வலது முழங்கால் சுகமில்லை. இடது முழங்கால் வலதைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறது. மகள் கரோலின் திருநெல்வேலியிலிருந்து வாரம் ஒரு முறை வந்து பார்த்துப் போகிறாள். பெர்சிஸுக்குச் சர்க்கரை எப்படி? நீ ஒளித்துவைத்து அல்வா தின்பதை நிறுத்து, அவளும் நிறுத்துவாள்.

வீடு மியூசியமானதை வாசித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். நம் வீட்டிலா! அம்மா மீன் கழுவின முற்றத்தில் டிக்கெட் கொடுப்பார்களா?

சரித்திரத்தில் தப்பு இருக்கிறது. யுத்த காலத்தில் அங்கே வைத்திருந்தது அரிசி இல்லை, புளி. மழை பெய்து சுவர் ஊறினால் கீழ் அறை முழுக்கப் புளி மணக்கும். அம்மா ‘இந்தச் சுவரை வழிச்சுப் போட்டா ரசம் வைக்கலாம்’ என்பாள். மேல் ஹாலில் இருக்கிற பச்சைக் கண்ணாடி ஜன்னலில் ஒன்று மட்டும் நீலம். அது நீ பந்து அடித்து உடைத்தது, பச்சை கிடைக்காமல் அப்பா நீலம் போட்டார். அதையும் பலகையில் எழுதச் சொல். தெருப்பக்கத் தேக்குத் தூணில் ஆணி அடித்த தழும்பு இருக்கும். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டின ஆணி.

வெயில் இங்கே நெருப்பாகக் கொட்டுகிறது. பட்டணத்துத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உனக்குத் தெரியும். விழாவை நீயே நல்லபடி நடத்து.

ஆண்டவர் உன் வீட்டைக் காப்பாராக.
அக்கா ஞானம்

*

இராயபுரம்
8-7-2024

அன்புள்ள அக்கா,

இங்கே அனைவரும் சுகம். அல்வாவைப் பற்றி எழுதினாயே, அந்தக் கடிதத்தைப் பெர்சிஸ்தான் முதலில் பிரித்தாள். சந்தோஷமா உனக்கு?

புளி விஷயம் கேட்டுக் கீர்த்தி கைதட்டினாள். நீல ஜன்னலும் பலகையில் ஏறிவிட்டது, ‘வீட்டு மகனின் குறும்பு’ என்று. ஆனால் நான் கேட்டது என்ன? நீ எழுதினது என்ன? புளி உண்டு, ஆணி உண்டு, சுவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. மறதி என்று சொல்லாதே. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சுவர் மணத்தது ஞாபகம் இருக்கிறது, சுவரில் கப்பல் ஓடினது ஞாபகம் இல்லையா?

போகட்டும். கீர்த்தியே கண்டுபிடித்துவிட்டாள். அது ‘ஞாபகம்’ என்ற வார்த்தையாம். கடைசியில் நிற்கிற கால் இருக்கிறதே, அது காலே இல்லையாம். ‘க’ போட ஆரம்பித்து நின்றுபோன முதல் கோடாம். ‘க’வும் ‘ம்’மும் போடுவதற்குள் கலைஞன் இறந்துபோயிருக்க வேண்டும் என்கிறாள். சுவருக்கே ‘முற்றுப்பெறாத ஞாபகம்’ என்று பேர் வைத்தாயிற்று. டிக்கெட்டில்கூட அச்சடிக்கப் போகிறார்கள். முன்னோட்டம் பார்க்க வந்த காலேஜ் பிள்ளைகளுக்கு நான் அதைச் சொல்லும்போது கையிலிருந்த பூசுகரணை நழுவி விழுந்தது, கண் மூடியது என்று நானும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள் அழுதுவிட்டார்கள்! பெர்சிஸ் கேட்டுவிட்டு, “இன்னாயா, கூசாம சாவடிக்கிற?” என்றாள்.

அலி அக்பர் பாயும் வந்து பார்த்தார். “நைனா, முப்பத்தெட்டு வருசம் மூட்டைய அது மேலியே சாச்சி வெச்சிகினு இருந்தேன். பின்னாடி கப்பலு நிக்குதுன்னு எவன் கண்டான்!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் கேன் தண்ணீர் வாங்கி வைக்கிறேன். வா.

உன் தம்பி,
ஆசீர்

*

நாசரேத்
2-8-2024

தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பதில் எழுதத் தாமதமாயிற்று. வேலை இருந்தது.

அந்தப் பலகையில் கலைஞன் இறந்துவிட்டான் என்று எழுத வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல். உயிரோடு இருக்கிற மனுஷனைச் செத்ததாக எழுதுவது பாவம். நீயும் அந்தக் கரணை நழுவின கதையை நிறுத்து. ஏல, உனக்கு வாய் ஏன் இப்படி நீளுது?

முருங்கை நன்றாகக் காய்த்திருக்கிறது. பார்சலில் அனுப்பினால் வாடிவிடும். நீ வரும்போது தருகிறேன்.

அக்கா

*

இராயபுரம்
15-8-2024

அன்பே உருவான, அதைவிட அழுத்தமே உருவான அக்காவுக்கு,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். மாட்டிக்கொண்டாய்!

உயிரோடு இருக்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்? நாலு வரிக் கடிதத்தை நாலு தரம் படித்தேன். இன்று கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்த பிறகு சுவருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் பளிச்சென்று விளங்கியது. நீ பள்ளிக்கூடம் கொண்டுபோன டிபன் டப்பாவின் மூடியில் ஆணியால் என்ன கீறி வைத்திருந்தாய்? ஞா.பா.! குடையிலும் அதே, பைபிள் அட்டையிலும் அதே. ஞானபாக்கியம்! கலைஞன் சாகவும் இல்லை, அவன் கலைஞனும் இல்லை. என் அக்கா! நீ போட்ட சுவர் அது! இருபது வயதில் இத்தனை பெரிய வேலையைச் செய்துவிட்டு, தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முருங்கைக்காயைப் பற்றி எழுதுகிறாயே, நீ என்ன ஜென்மம்?

ஓடிப்போய்க் கீர்த்தியிடம் சொன்னேன். “அப்போ இத்தனை நாள் நாங்க ஒரு பொண்ணோட பேரைத்தான் ஞாபகம்னு படிச்சுக்கிட்டிருந்தோமா அங்கிள்?” என்று தலையில் கைவைத்துச் சிரித்தாள். டிக்கெட் அச்சடிப்பதை நிறுத்தியாயிற்று. புதுப் பலகை: ‘இந்தச் சுவரைப் படைத்தவர் ஞானபாக்கியம்.’ திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டப் போவதும் நீதான். இனி தண்ணீர், முழங்கால், வெயில் என்று ஒரு சாக்கும் செல்லாது.

பெருமையில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கிற,
உன் தம்பி

*

நாசரேத்
10-9-2024

பிரியமுள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம்தானே. எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் பேரை எடுத்துவிடச் சொல். இன்றைக்கே சொல். அந்தச் சுவரை நான் தனியாகச் செய்யவில்லை. துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து அப்பாவின் பெட்டி விழுந்து அத்தனை தட்டும் நொறுங்கி வந்ததும், அதைத் தூர எறிய மனமில்லாமல் நான் ‘சுவரில் பதிக்கலாமே அப்பா’ என்று கேட்டதும், கப்பல் படம் கரித்துண்டால் போட்டதும் நான்தான். ஆனால் பதித்தது இன்னொருவருடைய கை. குறடால் தட்டைக் கடித்துச் சில்லாக்குவதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்த கை. என் பேர் மட்டும் பலகையில் நின்றால் அது பாதிப் பொய். பொய்க்கு ரிப்பன் வெட்ட நான் வரமாட்டேன்.

அது யார் என்று கேட்டு எழுதாதே, தம்பி. கேட்டால் பதில் போட மாட்டேன்.

அக்கா

*

இராயபுரம்
20-10-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே உடம்புக்கு எல்லாரும் சுகம். என் மனசு மட்டும் ஒரு வாரமாகச் சுகமில்லை.

நீ கேட்டபடி பேரை எடுத்துவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அவரே வந்துவிட்டார்.

போன சனிக்கிழமை. பூசுவேலை தெரிந்த பெரியவர்களை வரவழைத்துச் சுவரில் உதிர்ந்த இடங்களைக் காட்டலாம் என்று கீர்த்தி சொல்லி அனுப்பியிருந்தாள். ஒருவர் வந்தார். அறுபத்தேழு வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் குறடு. சுவருக்கு முன்னால் நின்றார், நின்றார், அப்படி நின்றார். கழற்றி ஓரமாகச் சாத்தியிருந்த பழைய பலகையைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இன்னாபா இது, நான் பூட்டேன்னு எழுதிக்கிறீங்க? இதோ நிக்கிறேன் பாரு, கல்லு கணக்கா!”

“நீங்களா போட்டது?” என்றேன்.

“நான் பாதி. படம் போட்ட கையி வேற.”

“எழுத்து?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “நீ ஐயாவோட புள்ள ஆசீரு தான? ஆஸ்டல்ல இருந்த புள்ள. மூக்கு அப்டியே ஐயா மூக்கு. எழுத்து இன்னான்னு உங்கக்காவக் கேளு. அவுங்க சொன்னா சொல்லட்டும், நான் சொல்ல மாட்டேன். ஒரு தபா வாய வெச்சிகினு சும்மா இல்லாம சொல்லித்தான் எல்லாம் பேஜாராச்சி.”

பேர் கேட்டேன். இசக்கிப்பாண்டி. அந்தக் காலத்தில் எல்லாரும் பாண்டி என்றுதான் கூப்பிடுவார்களாம்.

அக்கா, நான் முட்டாள்தான், ஆனால் அவ்வளவு முட்டாள் இல்லை. ஞா என்றால் நீ. பா என்றால் பாண்டி. அவ்வளவுதானே?

அப்போதே உறைத்தது. 81 ஜனவரியில் திடீரென்று ஹாஸ்டலுக்குத் தந்தி வந்தது, அக்காவுக்குக் கல்யாணம், புறப்பட்டு வா என்று. நாசரேத்தில் பந்தலில் உட்கார்ந்து இரண்டு இலை பிரியாணி தின்றேன். நீ அழுதாய். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தானே என்று மூன்றாவது இலைக்கு உட்கார்ந்தேன். நினைத்தால் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமும் இருக்கிறது. அப்பாவிடம் பயம், சரி. என்னிடம் என்ன பயம்? நாற்பத்து மூன்று வருஷமாக ‘தண்ணீர் ஒத்துக்கொள்ளாது’ என்று சொல்லியா என்னை ஓட்டினாய்?

அவர் இப்போது திருவொற்றியூரில் இருக்கிறார். மனைவி காலமாகிப் பன்னிரண்டு வருஷமாம். மகன் காட்டுப்பள்ளி கப்பல் தளத்தில் வேலை. விலாசத்தை மியூசியம் நோட்டில் எழுதிக் கொடுத்தார்: தேரடிக்குப் பின்னால், சுந்தரம் பிள்ளை சந்து, எண் 14. உனக்கு எதற்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

தம்பி ஆசீர்

*

இராயபுரம்
5-12-2024

அக்கா,

சுகமா? ஆறு வாரம் ஆகிவிட்டது. பதில் இல்லை. ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டேனோ? “அறுவத்திநாலு வயசுப் பொம்பளைய குறுக்கு விசாரணை பண்ணிக்கீற, நீ இன்னா ஜட்ஜா?” என்று பெர்சிஸ் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். கரோலினுக்குப் போன் போட்டேன். “அம்மா நல்லாத்தான் இருக்காங்க மாமா, ஆனா எந்நேரமும் எழுதிக்கிட்டே இருக்காங்க” என்றாள். என்ன எழுதுகிறாய்? உயிலா?

பாண்டி சனிக்கிழமைதோறும் வந்து உதிர்ந்த சில்லுகளை ஒட்டிக் கொடுக்கிறார். வேலை செய்யும்போது பாட்டுப் பாடுகிறார், சகிக்கவில்லை. பலகை மட்டும் வெறும் பலகையாக நிற்கிறது. கீர்த்தி உன் ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிறாள். நானும்தான். ஒரு கார்டாவது போடு. திட்டியாவது போடு.

ஆசீர்

*

நாசரேத்
18-12-2024

என் பிரியமான தம்பிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள். உனக்கும் பெர்சிஸுக்கும் சமாதானம் உண்டாவதாக. நான் நல்ல சுகம். முழங்காலும் என்னமோ இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

உனக்குப் பதில் போடாததற்குக் கோபம் காரணம் இல்லை. நேரம் இல்லை. இன்னொரு ஆளுக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். விலாசத்தை நீதானே எழுதினாய்? ஆறு வாரத்தில் பதினோரு கடிதம். தபாலாபீஸ் பிள்ளை, ‘என்ன பாட்டி, கோர்ட்டு கேஸா?’ என்று கேட்கிறது.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அத்தான் நல்ல மனுஷன். முப்பத்திரண்டு வருஷம் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசினதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்பிவைத்தேன். அதில் எனக்குக் குறை இல்லை, அதை நீ மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று இலை பிரியாணி தின்றதற்கும் மன்னிப்பு. பிரியாணி நன்றாக இருந்தது என்று நானும் கேள்விப்பட்டேன்.

ஆனால் அந்த எண்பதாம் வருஷத்து நாலு மாசம் வேறு. காலையில் அம்மா மார்க்கெட்டுக்குப் போனதும் நான் படியில் உட்கார்ந்து சில்லு பொறுக்கிக் கொடுப்பேன், பாண்டி பதிப்பார். நம் ஊர்ப்பக்கத்து ஆள், பேச்சு மட்டும் அப்போதே பட்டணத்துப் பேச்சு. அவர் நீலம் கேட்டால் நான் வேண்டுமென்றே பச்சையை நீட்டுவேன். ‘அலைல பாசி புட்ச்சிகிச்சி’ என்று அதையும் பதித்துவிடுவார். கிட்டே போய்ப் பார், மூன்றாவது அலையில் பச்சை இருக்கும். அத்தனை சிரிப்பு நான் அதற்கு முன்னும் சிரித்ததில்லை, பின்னும் சிரித்ததில்லை.

வேலை முடிகிற அன்று பேர் போட வேண்டும் என்றார். பயமாக இருந்தது. ‘ஞாபா என்று போடுவோம். பார்க்கிறவர்களுக்கு அது என் டிபன் டப்பாவில் இருக்கிற என் பேர். நமக்கு மட்டும் இரண்டு பேர்’ என்று நான்தான் யோசனை சொன்னேன். என்ன சாமர்த்தியம் என்று எனக்கே பெருமை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை, தம்பி. அப்பா பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார். உன்னை மாதிரியேதான் படித்தார். ‘எம் பொண்ணு பேரு! ஏன் பாதியில நிறுத்திட்ட? நடுவுல ஒரு னவும் கடைசியில க்கியமும் சேத்துப் போடு பாண்டி, முழுப் பேரா இருக்கட்டும்’ என்றார்.

போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? பாண்டி கரணையைக் கீழே வைத்தார். ‘அது முழுப் பேருதாங்க ஐயா. ஞா அவுங்க. பா நான்’ என்றார்.

உலகத்தில் எந்த மடையனாவது இப்படி உண்மை பேசுவானா? பதினோரு கடிதத்திலும் இதைத்தான் திட்டி எழுதியிருக்கிறேன். ‘உன் பேரு பாதிச் சுவத்துல நிக்கும்போது, எம் பேர அழிச்சி அதும் மேல க்கியம் போட எனக்குக் கையி வரல’ என்று பதில் எழுதியிருக்கிறார்.

அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. சுவரை இடிக்கவும் இல்லை. பெட்டிகளை அடுக்கி மறைத்தார். மூன்று வாரத்தில் எனக்குக் கல்யாணம். அதற்குப் பிறகு அந்தப் படியில் ஏறிப் பெட்டிகளைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. வீட்டை விற்ற பிறகும் அந்த ஊர்ப் பேர் கேட்டாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். உன்னிடம் சொல்ல வெட்கம். அதுதான் தண்ணீர்மேல் பழி போட்டேன்.

இப்போது பெட்டி இல்லை, மூட்டையும் இல்லை. நான் வருகிறேன். ஜனவரி 7ஆம் தேதி செந்தூர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. பலகையில் இரண்டு பேரும் போடச் சொல்.

அக்கா ஞானம்

*

இராயபுரம்
27-12-2024

அக்கா! அக்கா! அக்கா!

சுகமெல்லாம் நேரில் விசாரித்துக்கொள்கிறேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் பெர்சிஸும் சேர்ந்தே அழுதோம், பிறகு மடையன் என்று நீ எழுதின இடத்தில் சேர்ந்தே சிரித்தோம். எழும்பூருக்கு நானே வருகிறேன், மாலையோடு.

பலகை எழுதியாயிற்று. நான் பத்து வரி எழுதிக் கொடுத்தேன், கீர்த்தி ஒன்பதை அடித்துவிட்டாள். ‘கப்பல். உடைந்த பீங்கான், சுண்ணாம்பு. 1980. ஞானம் – பாண்டி.’ அவ்வளவுதான். படித்த பிள்ளைகளுக்கு வாய் கம்மி. மூன்றாவது அலையில் பச்சை இருக்கிறது என்று காட்டினேன், குதித்தாள்.

உன் மனசு கஷ்டப்பட வேண்டாம். அதெல்லாம் சின்ன வயசில் நடந்தது, போன கதை. சுவரோடு சுவராக அழகாக இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வயதில் பழைய சிநேகிதரை நாலு பேர் நடுவில் பார்த்து ஒரு வணக்கம் சொல்வதில் தப்பே இல்லை. எவனாவது ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேன் தண்ணீர் வேண்டுமா, குழாய்த் தண்ணீர் போதுமா?

உன் தம்பி

*

நாசரேத்
10-2-2025

என் ஆசைத் தம்பி ஆசீருக்கு,

நான் பத்திரமாக ஊர் வந்து ஒரு மாசம் ஆகிறது. பெர்சிஸ் கட்டிக்கொடுத்த இட்லி விருத்தாசலம் வரை வந்தது. அவளிடம் சொல். நீ விழாவில் முக்கால் மணி நேரம் பேசினாயே, மெஷின் கூவினதில் எனக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இனி உன்னிடம் மறைக்கக் கூடாது என்று இருக்கிறேன், அதனால் இது கடைசி. விழா முடிந்த மறுநாள், டோல்கேட்டில் பள்ளிக்கூடத்துச் சிநேகிதியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி ஆட்டோ ஏறினேன் அல்லவா? அப்படி ஒரு சிநேகிதி இல்லை. திருவொற்றியூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம், நானும் பாண்டியும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தோம். முப்பது நாள் சுவரில் ஒட்டிவைப்பார்களாம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று. நேற்றோடு முடிந்தது. ஒருத்தரும் வரவில்லையாம்.

‘போன கதை’ என்று எழுதியிருந்தாய். போகவில்லை, தம்பி.

கரோலினிடம் முதலில் சொன்னேன். உன் அத்தான் போட்டோவை எடுத்துத் துடைத்தாள். பிறகு, ‘அப்பா இருந்தா, போய் சந்தோசமா இருன்னுதாம்மா சொல்லியிருப்பாங்க’ என்றாள். இங்கே கோயிலில் சிலர் பேசத்தான் செய்வார்கள். இந்த வயதில் என்ன கேடு என்பார்கள். அவர்கள் பேசட்டும். காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டால் எனக்கு ஒன்றும் கேட்காது. ஆனால் நீ என்ன சொல்வாய் என்பது எனக்குக் கேட்க வேண்டும்.

இந்த மாசம் 20ஆம் தேதி, வியாழக்கிழமை, அதே ஆபீஸ். மூன்று சாட்சி கையெழுத்துப் போட வேண்டுமாம். கரோலின் ஒன்று. அவர் மகன் ஒன்று. மூன்றாவதுக்கு அவர் தெருவிலேயே ஆள் இருக்கிறார்கள். நான்தான் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். நான் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கையெழுத்து எனக்கு வேண்டும். அப்பாவிடம் அன்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னிடம் கேட்கிறேன்.

போடுவாயா?

அக்கா ஞானம்

*

இராயபுரம்
13-2-2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெர்சிஸ் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டாள். கீர்த்தி வியாழக்கிழமை மியூசியத்துக்கு லீவு விட்டுவிட்டாள். அலி அக்பர் பாய், “மாப்ளைக்கு லுங்கி வோணாமா?” என்று கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்.

தேதி, கிழமை எல்லாம் எழுதிவிட்டு, எத்தனை மணிக்கு என்று எழுத மறந்துவிட்டாய். பரவாயில்லை. காலை ஆறு மணிக்கே ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது சாட்சி,
ஆசீர்வாதம்